மூன்று, இருபத்தொன்று, இருபது, நான்கு

மணிலா
4 அக்டோபர் 1976

தம்பி கிளேத்தோவுக்கு,

உன் பெட்டி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டுப் படிவங்கள், ஒன்றுகூட நனையவில்லை. நாலு மாதமாக அக்காவுக்கு ஒரு வரி எழுதாதவன், படிவத்தையாவது ஒழுங்காகக் கட்டி அனுப்பினாயே, அந்தமட்டும் சந்தோஷம்.

என் வேலை உனக்குத் தெரியும். நீ வயலில் அளந்து அனுப்புவதை அட்டையில் துளைபோட்டு, கணிப்பொறிக்குக் கொடுத்து, வருகிற விடையை டாக்டர் வில்யாரோமானின் மேசையில் வைக்க வேண்டும். அட்டை போடுவதற்கு முன்னால் படிவங்களைக் கையால் ஒருதரம் பிரித்து அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தமுறையும் ஊர்வாரியாக, மருந்துவாரியாக நான்கு அடுக்கு வைத்தேன்.

நம் இலாயாவில் பம்பை முதுகில் கட்டிப் பூச்சிமருந்து அடித்தவர்கள் மூன்று பேர். குருணை மருந்து தூவியவர்கள் இருபத்தொரு பேர். தலாஹிப் ஊரில் அடித்தவர்கள் இருபது பேர். தூவியவர்கள் நான்கு பேர்.

நான்கு அடுக்கிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக இருந்திருக்க வேண்டும். ஊருக்கு இருபத்துநான்கு சீட்டு, பாதி பம்பு, பாதி குருணை, தொப்பியில் போட்டுக் குலுக்கு என்று ஜூன் மாதம் என் கையாலேயே எழுதி அனுப்பினேன். நீ பதிலுக்கு 'பம்பு 23, குருணை 25, ஒரு பம்பு உடைந்துவிட்டது' என்று ஒரே வரி அனுப்பினாய். மொத்தத்தைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.

இன்னொன்று. இலாயாவில் பம்பு அடித்த மூவரில் ஒருவருக்கும் இரண்டாவது இரத்த அளவு இல்லை. அந்த மூவரில் ஒருவன் நம் தங்கை லூமிங்கின் புருஷன் கிறிஸ்பின். கூப்பிட்டால் ஓடி வருகிறவன் அவன். ஏன் வரவில்லை?

சீட்டு இப்படி விழாது, தம்பி. என்ன நடந்தது என்று எழுது.

அக்கா
ஃபிடேலா

*

இலாயா
8 அக்டோபர்

அக்கா,

நாலு மாதம் கழித்து வருகிற முதல் கடிதத்திலேயே போலீஸ்காரி மாதிரி கேள்வி. நல்லது. 'எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் பேனா மை தீர்ந்துபோய்விடுமா?

குளிர்ந்த அறையில் உட்கார்ந்து படிவத்தை அடுக்கிப் பார்ப்பது சுலபம். இங்கே வந்து பார். ஜூலையில் சேறு, ஆகஸ்டில் வெள்ளம், செப்டம்பரில் பூச்சி. ஊசியைக் கண்டால் ஓடுகிற நாற்பத்தெட்டு ஆண்பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துக் குத்தி இரத்தம் எடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு நன்றி உண்டா?

சீட்டு விழுந்தபடி விழுந்தது. இருபத்துமூன்று, இருபத்தைந்து. இதைவிடச் சமமாக என்ன வேண்டும் உனக்கு?

மூவரைப் பற்றிக் கேட்டாய். ருபெர்த்தோ ஆகஸ்டிலேயே கட்டட வேலைக்கு மணிலாவுக்குப் போய்விட்டான், நீதான் தேடிப் பிடிக்க வேண்டும். கிழவர் உஸ்திங் இரண்டாம் வாரமே பம்பைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டு, 'எனக்கு வேண்டாம்டா உங்க ஆராய்ச்சி' என்று குருணைக்குப் போய்விட்டார். கிறிஸ்பினுக்கு உடம்பு சரியில்லை. படுத்திருக்கிறான். காய்ச்சல் என்கிறார்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. லூமிங் என்னோடு பேசுவதில்லை. காரணம் கேட்காதே.

தலாஹிபில் இந்தப் பருவத்தில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஹெனாரோ என்பவன் வயலிலேயே விழுந்தான், பம்பு முதுகில் இருந்தபடியே. இன்னொருவன் வீட்டில். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அதை நீ படித்திருப்பாய், ஆனால் அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

கிளேத்தோ

*

மணிலா
12 அக்டோபர்

தம்பிக்கு,

படித்தேன். நூறு தடவை படித்தேன். அதனால்தான் கேட்டேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. மருந்து உடம்பில் ஏறினால் இரத்தத்தில் இருக்கிற ஒரு சத்து இறங்கும். பருவத் தொடக்கத்தில் இருந்ததை நூறு என்று வைத்து, முடிவில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். இலாயாவில் குருணைக்காரர்களுக்குச் சராசரி எண்பத்தாறு. தலாஹிபில் குருணைக்காரர்களுக்கு எழுபத்தொன்று. தலாஹிபில் பம்புக்காரர்களுக்கு ஐம்பத்துநான்கு.

'பம்பு கெடுதல், இதில் என்ன சந்தேகம்' என்பாய். ஆனால் பம்புக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் தலாஹிப், குருணைக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இலாயா என்று ஆகிவிட்டதே! தலாஹிபின் நான்கு குருணைக்காரர்களை மட்டும் வைத்து ஒன்றும் பேச முடியாது. இறங்கியது மருந்தாலா, ஊராலா? மருந்து கொடுத்த நிறுவனத்தின் ஆள் நேற்று டாக்டரின் அறைக்கு வந்தார். "தலாஹிப்ல தண்ணி மோசம் மிஸ், மலேரியா வேற. எங்க மருந்து என்ன பண்ணுச்சு பாவம்?" என்றார். சிரித்த முகம். எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

கட்டங்களில் ஆட்கள் சமமாக இருந்திருந்தால் ஊரின் பங்கு தனி, மருந்தின் பங்கு தனி. மாறுபாட்டுப் பகுப்பாய்வில் எதை முன்னால் போட்டாலும் ஒரே விடைதான் வரும். சமமில்லாதபோது இரண்டும் சேர்ந்து ஒரு பங்கு கிடக்கும். இருவர் ஒரே மூட்டையை இருபக்கம் பிடித்துத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள். முதலில் வாசலைத் தாண்டுகிறவன் பெயரில் முழு மூட்டையும் எழுதப்படும். மருந்தை முதலில் நுழைத்தேன்: குற்றம் முழுக்க மருந்தின்மேல். ஊரை முதலில் நுழைத்தேன்: எல்லாம் ஊரின்மேல், மருந்துக்கு மிச்சம் விழுவது ஒன்றுமில்லாத அளவு. "ஊரையே முதல்ல போடும்மா, அதான் முறை" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நவம்பர் ஐந்தாம் தேதி கூட்டம். கெடுதல் இல்லை என்று அறிக்கை போனால், அடுத்த பருவத்துக்கு மாகாணம் முழுக்க விதையோடு இந்த மருந்தும் பம்பும் வீடு வீடாகப் போகும். எத்தனை ஆயிரம் முதுகு என்று எண்ணிக்கொள்.

இனி உன் சீட்டுக்கு வருகிறேன். இலாயாவின் இருபத்தொரு பெயர்களையும் படித்தேன். அதில் ஒன்பது பேருடைய பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் நீ கையில் ஏந்தியிருக்கிறாய். நாலு பேருக்கு நானே பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார், உன் கும்பாரேக்கள், ஒருவர்கூடப் பம்புச் சீட்டு எடுக்கவில்லை. என்னிடம் இந்தக் கதையை விடாதே.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்று. இலாயாவில் பம்பு அடித்தவன் ஒருவனுடைய இரத்தம். நல்ல தண்ணீர் ஊர், மலேரியா இல்லாத ஊர், அங்கே ஒருவனுக்கு இறங்கியிருந்தால் ஊரைச் சொல்லித் தப்ப முடியாது. கிறிஸ்பின் ஒருவன்தான் மிச்சம். போய் எடு. லூமிங் பேசாவிட்டால் பேசாமல் எடு.

ஃபிடேலா

*

இலாயா
15 அக்டோபர்

அக்கா,

எடுத்துவிட்டேன். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மணிலா பேருந்து நடத்துனரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும்.

இனி மறைத்து என்ன? எழுதிவிடுகிறேன்.

ஜூன் மாதம் கோவில் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினேன். காகிதம் இல்லாததால் கோவில் நாட்காட்டியைக் கிழித்து இருபத்துநான்கு சீட்டு வெட்டினேன். நேர்மையாகத்தான் குலுக்கினேன், நம்பு. பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் எடுத்தார்கள். கலைந்து போகும்போது மௌரோ என்னை மணிக்கூண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"கும்பாரே, எனக்குப் பம்பு விழுந்துருச்சு. போன வருஷம் அடிச்சே மூணு நாள் வாந்தி. மாத்திக் குடு."

"சீட்டுன்னா சீட்டுதான்டா. அக்கா கொன்னே போட்டுருவா."

"உன் அக்கா மணிலால இருக்கா. என் மகளுக்கு நீதானே ஞானத்தகப்பன்? அவ அப்பன் நுரை தள்ளிச் சாகணும், நீ பாத்துக்கிட்டு இருப்ப, அப்படித்தானே?"

இதற்கு என்ன பதில் சொல்வாய்? நான் சீட்டை வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவன் போய்ச் சொல்லி இன்னொருவன், அவனைப் பார்த்து இன்னொருவன். பொழுது சாய்வதற்குள் ஒன்பது பம்புச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. மறுத்தால் நாளைக்கு ஒருவன் வீட்டிலும் எனக்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்காது. இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக வந்தவன் கிறிஸ்பின்.

"மச்சான், பையில இடம் இருந்தா என்னுதையும் வச்சுக்கோயேன்."

"நீ என் வீட்டு ஆளுடா. உனக்கும் மாத்துனா ஊரே என் மூஞ்சில துப்பும். நீ சும்மா இரு."

"சரிப்பா, நியாயஸ்தா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அன்று மாலையே லூமிங் வந்து மன்றாடினாள். அவளையும் திட்டி அனுப்பினேன். ஊர் முழுக்கச் சலுகை காட்டிய கையால் அவன் ஒருவனிடம் மட்டும் நியாயம் பேசினேன், அக்கா. அதைப் பெருமையாக வேறு நினைத்தேன்.

பம்புகள் வந்து இறங்கியிருந்தன. எங்கேயாவது கொடுத்தாக வேண்டும். தலாஹிபில் எனக்கு ஒரு கும்பாரேயும் இல்லை. ஒன்பது சீட்டில் ஒன்றை உடைந்த பம்பின் பேரில் கிழித்துப் போட்டேன். மற்ற எட்டையும் தலாஹிப் தொப்பியில் போட்டு, எட்டுக் குருணைச் சீட்டை வெளியே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே குலுக்கல் என்னவோ நேர்மையாகத்தான் நடந்தது.

இதோடு முடியவில்லை. செப்டம்பரில் பூச்சி இறங்கியபோது குருணை போதவில்லை. என் கும்பாரேக்கள் கிறிஸ்பினைத்தான் கூப்பிட்டார்கள். பம்பு வைத்திருந்த ஒரே ஆள் அவன்தானே. மௌரோவின் வயல், மற்றவர்கள் வயல், எல்லாவற்றிலும் கூலிக்கு அடித்திருக்கிறான். சீட்டைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தவர்கள் அந்த வேலையையும் அவன் முதுகிலேயே ஏற்றிவிட்டார்கள்.

நேற்று ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். லூமிங் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"இரத்தம் எடுக்கணும்."

"இன்னும் எடுக்கணுமா? மிச்சம் இருக்கா உள்ள? போய்ப் பாரேன், கண்ணு கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கு. வாயில எச்சில் நிக்கல. பேரு எழுதற நோட்ட எடுத்துக்கிட்டு ஓடிரு, அண்ணேன்னுகூட பாக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து கிறிஸ்பின், "விடுடி, வரட்டும்" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. கையை அவனே நீட்டினான். "எடுத்துக்க மச்சான். அக்காவுக்குத்தானே? நல்லா வந்துச்சுன்னா சொல்லு" என்றான். பட்டணத்து மருத்துவமனைக்குப் போகலாம், வண்டி கொண்டுவருகிறேன் என்று கெஞ்சினேன். அறுவடை முடியட்டும் என்கிறான்.

அவன் பெயரைப் படிவத்தில் இரண்டுதரம் அடித்து அடித்து எழுதினேன். எழுத்து சரியில்லை என்று திட்டாதே.

கிளேத்தோ

*

இலாயா
19 அக்டோபர்

அக்கா,

கிறிஸ்பின் நேற்றுக் காலை போய்விட்டான். வண்டியில் ஏற்றினோம். ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நாளை அடக்கம். லூமிங் என்னைச் சவப்பெட்டியைத் தொட விடவில்லை. மௌரோவும் மற்றவர்களும்தான் தூக்கப் போகிறார்கள்.

கிளேத்தோ

*

மணிலா
20 அக்டோபர்

தம்பி,

பெட்டி வந்தது, உன் பதினைந்தாம் தேதிக் கடிதமும் வந்தது. உன்னைத் திட்டுவதற்குப் பிறகு நேரம் ஒதுக்குகிறேன். முதலில் இதைக் கேள்.

கிறிஸ்பினுடைய அளவு இருபத்தொன்பது! ஆய்வுக்கூடத்தில் இரண்டுதரம் பார்க்கச் சொன்னேன். இரண்டுதரமும் இருபத்தொன்பது. அட்டையைத் துளைத்து நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஊரை முதலில் நுழைத்தேன், டாக்டர் சொன்ன முறைப்படியே. ஊர் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்த பிறகும் மருந்தின்மேல் மிச்சம் நிற்கிறது, தம்பி. தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு நிற்கிறது. அவனை எடுத்துவிட்டால் விழுந்துவிடுகிறது. சேர்த்தால் நிற்கிறது. நாற்பத்தெட்டுப் பேரை அளந்தோம், கடைசியில் தலாஹிபின் நான்கு குருணைக்காரர்களும் நம் கிறிஸ்பின் ஒருவனும்தான் பேசுகிறார்கள்.

ஒரே மனிதனின் எண்மேல் ஒரு முடிவை நிறுத்துவது எனக்கே பிடிக்கவில்லை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நானே சண்டை பிடித்திருப்பேன். ஆனாலும் காகிதம் வெளியே வந்தபோது சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

மாலையில் டாக்டர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். குறித்த நாளில் எடுத்த இரத்தம் இல்லை. ஏற்கெனவே நோயாளி. எடுத்தவனின் மைத்துனன். "வெளியாள் வயல்லயும் அடிச்சிருப்பான்மா, இவனுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒரு வழிதான் மிச்சம். சீட்டு மாற்றப்பட்டது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால், இந்தப் பரிசோதனையே செல்லாது. மருந்து கெடுதல் என்று அது சொல்லாது. கெடுதல் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் தேதி அவர்கள் கையில் காகிதம் இருக்காது. உன் வேலை போகும். தலாஹிப் பக்கம் நீ தலைகாட்ட முடியாது. சிபாரிசு செய்து உன்னைச் சேர்த்தவள் நான், என்னையும் சும்மா விடமாட்டார்கள்.

செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டிய தம்பியை எப்படிச் சொல்வேன்? நீயே யோசி.

கிறிஸ்பினிடம் சொல், அறுவடையாவது மண்ணாவது, உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல். அக்கா உத்தரவு என்று சொல். அவன் எண் 'நல்லா வந்திருக்கு' என்றும் சொல்.

ஃபிடேலா

*

மணிலா
25 அக்டோபர்

தம்பி,

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இருபதாம் தேதி நான் எழுதியதை லூமிங் கண்ணில் காட்டிவிடாதே. கிழித்துப் போடு. அடுப்பில் போடு.

அவனைப் புதைக்கிற நாளில் நான் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 

விடுப்புக் கேட்டேன். கூட்டம் முடியும்வரை யாருக்கும் இல்லை என்றார்கள். ஒன்பது நாள் ஜெபத்துக்கு நான் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வாயோ. சொல்லாமலே இருந்துவிடு, எப்படியும் அவள் கேட்கமாட்டாள்.

கையெழுத்தைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

ஃபிடேலா

*

இலாயா
29 அக்டோபர்

அக்கா,

இதனுடன் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்பது பேர் பெயர், தேதி, எந்தச் சீட்டை எங்கே போட்டேன், எந்த எட்டை வெளியே எடுத்தேன், உடைந்த பம்பு பொய், எல்லாம். பாதிரியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாட்காட்டி எங்கே போனது என்று அப்போதே யோசித்தாராம், அதை மட்டும் சொன்னார்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. லூமிங்கிடம் படித்துக் காட்டினேன். முழுவதும், கை தட்டியது உட்பட. மறைத்து மறைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அவரு எண் எவ்வளவு?" என்று கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். "என்ன இருந்திருக்கணும்?" நூறு என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மௌரோவுக்கு நேற்றே விஷயம் தெரிந்துவிட்டது. வழியில் மறித்தான்.

"ஏன்டா எங்க பேரை எழுதுன? நாங்க கேட்டோம், நீ குடுத்த. குடுத்தவன் நீ."

"ஆமா. என் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்."

"என் மகள் இனிமே உன்னை ஞானத்தகப்பன்னு கூப்பிட மாட்டா."

"நீ உயிரோட இருக்கல்ல? அவ உன்னை அப்பான்னு கூப்பிடட்டும், அது போதும்" என்றேன். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். கும்பாரே என்று என்னைக் கூப்பிட இந்த ஊரில் இனி ஆள் இல்லை.

இறந்தவர்கள் நாளன்று தலாஹிப் போகிறேன். எல்லோரும் கல்லறையில் இருப்பார்கள், ஒரே இடத்தில் சொல்லிவிடலாம்.

கிளேத்தோ

*

மணிலா
6 நவம்பர்

தம்பி,

கூட்டம் முடிந்தது. உன் தாள்களை டாக்டருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மேசை இழுப்பறைக்குள் போயிருக்கும். கணக்கை விளக்க என்னை அழைத்தபோது, கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு மூன்று, இருபத்தொன்று, இருபது, நான்கு என்று எழுதினேன். பிறகு உன் தாளைச் சத்தமாகப் படித்தேன். நிறுவனத்துக்காரர் சிரிக்கவில்லை.

அறிக்கை நிறுத்தப்பட்டது. அடுத்த பருவத்துக்கு அந்த மருந்து போகாது. இதை முதலில் படி, இரண்டுதரம் படி, பிறகு மற்றதைப் படி.

உன்னை நீக்கிய உத்தரவு தபாலில் வரும். என்னைக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய படிவங்களைக் கட்டிக் கட்டி அலமாரியில் வைக்க வேண்டும். கணிப்பொறி அறைச் சாவியை நேற்றே வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. அடுத்த ஆண்டு வேறு மாகாணத்தில் இதையே திரும்பச் செய்யப் போகிறார்கள். இரண்டு ஊர், நாற்பத்தெட்டு ஆண்கள். "இந்தத் தடவை கட்டத்துக்குப் பன்னிரண்டு, ஒருத்தன் கூடாம குறையாம" என்று டாக்டர் வெளியே வரும்போது சொன்னார். அது சரியான முறைதான். நானே ஜூனில் அப்படித்தான் எழுதினேன். எத்தனை பேர் முதுகில் பம்பு ஏறும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்துநான்கு.

தலாஹிபில் என்ன ஆயிற்று? உன்னை அடித்தார்களா?

ஃபிடேலா

*

தலாஹிப்
10 நவம்பர்

அக்கா,

ஊர் பெயரைப் பார்த்துப் பயப்படாதே. இங்கேதான் இருக்கிறேன். அடிக்கவில்லை.

கல்லறையில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றி, சோறு பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று சொன்னேன். தொப்பியில் பன்னிரண்டு பம்புச் சீட்டு இருந்திருக்க வேண்டும், இருபது போட்டேன், எட்டு எங்கள் ஊர்க்காரர்களுடையது என்று. ஒருவன் எழுந்து வந்தான், கை நடுங்குகிறவன், செப்டம்பரில் அறுபதுக்குக் கீழே அளந்தவன். என் சட்டையைப் பிடித்தான். பிடி நிற்கவில்லை. அவனே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

வயலில் விழுந்து செத்த ஹெனாரோவின் மனைவி சபேல் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். பரிசோதனைக்கு வரும்போது சீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேனே, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். தலாஹிபுக்கு நான் வெட்டியது நோட்டுக் காகிதம், கோடு போட்டது. அவள் நீட்டிய சீட்டின் பின்னால் கோவில் நாட்காட்டியின் சிவப்பு எண் இருந்தது.

"இது எந்த ஊருது?"

"எங்க ஊருது."

"யாருக்கு விழுந்தது?"

"ஒன்பது பேர்ல ஒருத்தர். யாருன்னு தெரியாது."

"அந்த ஒன்பது பேரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப வரச் சொல்லு" என்றாள். "நெல்லு தலை சாஞ்சு கெடக்கு. அறுக்க எங்க வீட்டுல ஆம்பள இல்ல. அவரு அவங்க சீட்டைத்தானே எடுத்தாரு? அவங்க வந்து அவரு வேலையைச் செய்யட்டும்."

இலாயாவுக்குத் திரும்பி ஒன்பது வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். நாலு வீட்டில் கதவு திறக்கவில்லை. மௌரோ நாயை அவிழ்த்துவிட்டான். ஒருவரும் வரவில்லை, அக்கா. நான் மட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தேன். ஊசி பிடித்த கை, முதல் நாளே கொப்புளம். சபேல் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, வரப்பில் ஜீப்னி வண்டி நின்ற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்துப் பக்கத்து வரிசையில் கதிர் அறுபடும் சத்தம். லூமிங். தலையில் கிறிஸ்பினுடைய தொப்பி, கையில் கிறிஸ்பினுடைய அரிவாள்.

"உனக்கு இதுல என்ன?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு அறு" என்றாள்.

மத்தியானம் சபேல் கஞ்சி கொண்டுவந்தாள், கருவாட்டோடு. இரண்டு கிண்ணம்தான் இருந்தது. லூமிங் தன்னுடையதில் பாதி குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மீதியை என் பக்கம் தள்ளி வைத்தாள். வாங்கிக் குடித்தேன்.

லூமிங் கொண்டுவந்த உன் கடிதத்தை இன்று மாலை வரப்பில் உட்கார்ந்து இருவருக்கும் படித்தேன். மருந்து வராது என்று படித்தபோது சபேல் தலையை ஆட்டினாள். வேறு மாகாணம், கட்டத்துக்குப் பன்னிரண்டு என்று படித்தபோது, "அந்த ஊருக்காரங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள். லூமிங், "அக்காகிட்ட ஊர் பேரைக் கேட்டு எழுது" என்றாள். கிறிஸ்பின் படுத்த பிறகு அவள் உன்னை அக்கா என்று சொன்னது இதுதான் முதல்தரம்.

அந்தக் கிடங்குக்குத்தானே எல்லாக் காகிதமும் வரும்? ஊர் பெயரைப் பார்த்து எழுது. இங்கே இன்னும் இரண்டு துண்டு வயல் இருக்கிறது, சனிக்கிழமை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் புறப்படத் தயார்.

உன் தம்பி
கிளேத்தோ